டியூட்டி அக்கா போட்ட ஜோடிகள்

அந்த டிப்போவில் காலை முறைக்கு நாற்பத்தாறு பேருந்துகள். நாற்பத்தாறு ஓட்டுநர்கள், நாற்பத்தாறு நடத்துநர்கள். இந்தத் தொண்ணூற்றிரண்டு பேரில் யார் எந்தக் கட்சி என்று ஒருத்தர் விடாமல் தெரிந்த ஒரே ஆள் டியூட்டி அக்காதான். கட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டால்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்ல மாட்டார்கள். வெளியில் ஒரு கட்சியும் வீட்டில் ஒரு கட்சியுமாக இருப்பவன், மாமனாருக்குப் பயந்து கொடி பிடிப்பவன், போன தேர்தல்வரை அந்தப் பக்கம் இருந்துவிட்டுச் சத்தம் போடாமல் இந்தப் பக்கம் நகர்ந்தவன் எல்லாரும் அவளுக்கு அத்துப்படி.

யாரிடமும் அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஓய்வறைத் தொலைக்காட்சியில் ஒரு தலைவர் பேச ஆரம்பித்ததும் யார் சத்தத்தைக் கூட்டுகிறான், யாருக்குத் திடீரென்று கழிப்பறை ஞாபகம் வருகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதிக்கு, அவன் எந்தச் செய்தித்தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கிறான் என்பது போதும்.

அவளுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்றால், அவள் வேலையே ஜோடி போடுவது. எந்த ஓட்டுநரோடு எந்த நடத்துநர், எந்த வண்டி, எந்த ரூட் என்று தினமும் மாலை மூன்று மணிக்குக் கரும்பலகையில் எழுதுவாள். மறுநாள் எல்லா வண்டியும் போய்த் திரும்பியதும் ஈரத்துணியால் அழித்துவிட்டு அடுத்த நாளுக்கு எழுதுவாள். அவள் அறை, நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னலோடு இருந்தது. அந்த ஜன்னலில் தலையை விட்டு "அக்கா, கல்லூரி ரூட் குடுங்கக்கா" என்று கெஞ்சாதவன் டிப்போவில் கிடையாது. நல்ல ரூட் கிடைத்தவன் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவான். குப்பைமேட்டு ரூட் கிடைத்தவன் அன்று முழுக்க அவள் பக்கமே திரும்ப மாட்டான். இரண்டையும் அவள் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்வாள்.

பதினாறு வருடமாக அவள் விடாமல் காத்த ஒரு விதி உண்டு. இந்தப் பக்கத்து ஆளையும் அந்தப் பக்கத்து ஆளையும் ஒரே வண்டியில் ஏற்ற மாட்டாள். வேண்டுமானால் ரூட்டை மாற்றுவாள், வண்டியை மாற்றுவாள், விடுப்பில் இருப்பவனைக் கூப்பிட்டுக் கெஞ்சுவாள். கட்சி கலக்க விட மாட்டாள். மற்ற டிப்போக்களில் தேர்தல் சமயத்தில் மண்டை உடையும். இங்கே ஒரு டீ டம்ளர்கூட உடைந்ததில்லை.

ஒன்று மட்டும் உடைந்தது என்று சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஓர் இடைத்தேர்தல் முடிவு வந்த நாளில் 'ரேடியோ' என்ற நடத்துநர் ஓய்வறையில் ஆடிய ஆட்டத்தில் 'பொறுமை' என்ற ஓட்டுநரின் டீ டம்ளர் கவிழ்ந்து உடைந்து, அவர் சீருடை நனைந்து, பெரிய ரகளையானது; புகாராகாமல் அக்காதான் தடுத்தாள். ரேடியோவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளக்க வேண்டியதில்லை. தூக்கத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் அவன் ஒலிபரப்பில் இருப்பான். பொறுமை, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டியை ஓட்டாதவர். பின்னால் வருகிறவர்கள் ஒலிப்பானை அழுத்தி அழுத்தி ஓய்ந்துபோவார்கள், அவர் கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டார். அன்றிலிருந்து இருவரும் கீரியும் பாம்பும். எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். அக்கா அவர்களுடைய ஓய்வு நேரத்தைக்கூடச் சந்திக்காதபடி பிரித்து வைத்திருந்தாள்.

இந்த விதி அவளுக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. முதல் பதினோரு வருடம் அவளே நடத்துநராக இருந்தவள். முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போன பிறகுதான் இந்த நாற்காலிக்கு வந்தாள். அந்தக் காலத்தில் அவளுடைய ஓட்டுநர் வேறு கட்சி. ஒரு தேர்தலின்போது அவர் இவளுடைய தலைவரைப் பற்றி ஒன்று சொல்ல, இவள் அவருடைய தலைவரின் பல்லைப் பற்றி ஒன்று சொல்ல, பேச்சு நின்றது. இரண்டு மாதம் ஒரே வண்டியில் ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் கயிற்று மணிதான். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு மணி அடித்தால் போ. ஒரு நாள் இரண்டு மணி அடித்துவிட்டுத் திரும்பினாள். ஒரு தையற்காரர் ஓடிவந்து படியில் ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்திருந்தார். "நிறுத்துங்க!" என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அந்த மனிதரோடு பேசுவதில்லை என்று வாய்க்குப் பழகிப்போயிருந்தது. மணிக்கயிற்றைப் பிடிக்க இரண்டடி நகர்ந்தாள். அந்த இரண்டடிக்குள் தையற்காரர் தார்ச்சாலையில் கிடந்தார்.

அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை. விசாரணையில் யார் மேலும் தப்பு இல்லை என்று எழுதினார்கள். அவளால் அப்படி எழுதிக்கொள்ள முடியவில்லை. நாற்காலிக்கு வந்த முதல் நாளே தீர்மானித்துவிட்டாள், ஒத்துப்போகாதவர்களை ஒரே வண்டியில் ஏற்றினால் அடிபடுவது மூன்றாவது ஆள்தான், ஆகவே ஏற்றக் கூடாது என்று. அதற்குப் பிறகு பதினாறு வருடம் டிப்போ அமைதியாக ஓடியது. அந்த அமைதி தன்னால்தான் என்று அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. இருக்கட்டுமே, உழைத்து வாங்கிய பெருமைதான். ஆனால் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கத் தெரியவில்லை.

இந்த முறை தேர்தல் முடிந்து இந்தப் பக்கம் ஜெயித்தது. ரேடியோவின் பக்கம். பொறுமையின் பக்கம் தோற்றது. ஒரே மாதத்தில் பேருந்துக் கழகத்துக்குப் புதுத் தலைவர் வந்தார், டிப்போவுக்குப் புது மேலாளர் வந்தார். மேலாளருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான ஆள். வந்த மூன்றாம் நாள் அக்காவின் அறைக்கே வந்து, நின்றுகொண்டே கேட்டார்.

"மேடம், பத்து வருஷ ரெக்கார்டு பாத்தேன். இந்த டிப்போல மட்டும் ஊழியர் சண்டைன்னு ஒரு புகார்கூட இல்ல. எப்படி?"

இத்தனை வருடத்தில் மேலிடத்து ஆள் ஒருவர் அவளிடம் 'எப்படி' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல சார். யார் யாரு எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியும். கலக்காம ஜோடி போடுவேன். அவ்வளவுதான்."

மேலாளர் சிரித்துத் தலையாட்டினார். அக்கா அன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு சுற்று பெருத்திருந்தாள்.

பத்து நாள் கழித்து அவரே மறுபடி வந்தார். இந்த முறை கதவைச் சாத்தினார்.

"மேடம், தலைமை அலுவலகத்துல ஒரு விஷயம் கேக்கறாங்க. தோத்த பக்கத்து ஆளுங்க யார் யாருன்னு ஒரு லிஸ்ட் வேணுமாம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற டிப்போல ஆள் பத்தலையாம்."

மலைக்கு அந்தப் பக்கத்து டிப்போ இரண்டு மணி நேரத் தூரம். காலை முறைக்கு அங்கே போய்ச் சேர வேண்டுமானால் குடும்பத்தை விட்டுவிட்டு அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். பொறுமையின் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்பு. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வர அவரைத் தவிர ஆள் கிடையாது. அதற்காகவே அக்கா அவருக்கு மதியத்துக்குள் முடிகிற ரூட்டாகக் கொடுத்து வந்தாள். அவர் ஒருவர் மட்டுமல்ல, இன்னும் இருபத்தேழு பேர். ஒவ்வொருவர் வீட்டுக் கஷ்டமும் அந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்ததுதான்.

"எனக்கு லிஸ்ட் எழுதத் தெரியாது சார்," என்றாள் அக்கா. "என் வேலை ஜோடி போடறது."

"நீங்க மறுப்பீங்கன்னு நானே சொல்லிட்டேன் மேடம்." அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீங்க லிஸ்ட் தர வேண்டாம். திங்கக்கிழமைலேர்ந்து நாலு வாரத்துக்கு உங்க கரும்பலகையை தினமும் படம் எடுத்து அனுப்பச் சொல்றாங்க. நீங்க கலக்காம ஜோடி போடுவீங்கன்னு நான்தான் பெருமையா அங்க சொல்லித் தொலைச்சேன். யார் யாரோட போறாங்கன்னு நாலு வாரம் பாத்தா, லிஸ்ட் தானா வந்துரும். யாரும் யாரையும் காட்டிக் குடுத்ததா ஆகாது பாருங்க."

அவர் போன பிறகு அக்கா கரும்பலகையைப் பார்த்தாள். வருகைப் பதிவேட்டில் யார் வந்தார் என்றுதான் இருக்கும், யாரோடு போனார் என்று இருக்காது. அது இந்தப் பலகையில் மட்டும்தான் இருக்கிறது. அவள் வாயைத் திறந்து ஒரு பெயரும் சொல்லத் தேவையில்லை. பதினாறு வருடமாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட ஜோடிகளே இருபத்தெட்டு பேரையும் வரிசையாக நிறுத்திக் காட்டிவிடும். எல்லாரையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஆளாளுக்கு நெற்றியில் முத்திரை குத்தி வைத்திருந்திருக்கிறாள். போதாக்குறைக்குச் சாவியையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

'உன் வாய்க்கு ஒரு தையல் போட்டிருந்தால் என்ன?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஜோடிகளைக் கலைத்துவிட்டால் பலகையில் ஒன்றும் தெரியாது. அது உடனே புரிந்தது. ஆனால் கலைப்பது என்றால், பேசாதவர்களை ஒரே வண்டியில் ஏற்றுவது என்றால், மறுபடியும் ஒரு படி, ஒரு கால், ஒரு மணிக்கட்டு. இருபத்தெட்டு குடும்பத்தைக் காப்பாற்றப் போய் ஒரு பயணியைத் தெருவில் தள்ளினால் அவள் எந்த முகத்தோடு அந்த ஜன்னலில் உட்காருவாள்?

மாலை வீட்டில் அவள் கணவர் தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பகலெல்லாம் மற்றவர்களுக்குப் பார்வையைச் சரிபண்ணிவிட்டு, மாலையில் எதிர்க்கட்சிக்காரர்களின் பார்வையைச் சரிபண்ணப் பார்ப்பார். எதிர்க்கட்சி என்றால் டியூட்டி அக்காவின் கட்சி. அக்கா தட்டை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். கடைசியில், "ரெண்டு கட்சியை ஒரே வண்டில ஏத்தினா விபத்துதாங்க. நான் கண்ணால பாத்திருக்கேன்," என்றாள்.

"அப்ப நம்ம வீட்டுல தினமும் விபத்து நடக்கணுமே," என்றார் கணவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முப்பது வருஷமா நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நம்மள யாரு ஜோடி போட்டது?"

"உங்க அம்மா."

"அவங்களுக்கு உன்னை மாதிரி விதியெல்லாம் தெரியாது போல."

"நாம பேசாம இருந்ததே இல்லையேங்க. விடிஞ்சதுலேர்ந்து சண்டைதான்."

கணவர் தண்ணீர் கேட்டார். அவள் காதில் விழவில்லை. அன்று அந்தத் தையற்காரரைத் தள்ளியது எது? அவள் கட்சியுமில்லை, ஓட்டுநரின் கட்சியுமில்லை. தலைவரின் பல்லைப் பற்றி அவள் இன்னும் நூறு தடவை பேசியிருந்தாலும் அவர் பதிலுக்குப் பேசியிருப்பார், அவளும் கத்தியிருப்பாள், வண்டி நின்றிருக்கும். வாயை மூடிக்கொண்டதுதான் தள்ளியது. இத்தனை வருடமாக அவள் கட்சி என்ற தப்பான ஆளைப் பிடித்து உள்ளே போட்டிருந்தாள்.

மறுநாள் அவள் முதலில் மேலாளரிடமே போனாள். "திங்கக்கிழமைலேர்ந்து ஜோடியை எல்லாம் மாத்தப் போறேன் சார். அது என் வேலைக்கு உட்பட்டதுதான். நீங்க தினமும் படம் எடுத்து அனுப்புங்க, நல்ல வெளிச்சத்துல எடுங்க."

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல மேடம்," என்றார் மேலாளர். இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

மதியம் முறை மாறுகிற நேரத்தில் ஓய்வறைத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அக்கா ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூசி மெழுகவில்லை. தான் பெருமை பீற்றிக்கொண்டதையும் அதனால் வந்த வினையையும் அப்படியே சொன்னாள். தோற்ற பக்கத்துக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயித்த பக்கத்தில் ஒரு சலசலப்பு கிளம்பியது. ரேடியோதான் முதலில் வாயைத் திறந்தான்.

"இதுல எங்களுக்கு என்னக்கா நஷ்டம்? போகட்டுமே. அவங்க ஆட்சில எங்க ஆளு ரெண்டு பேரைத் தூக்கி அடிக்கலையா?"

"அடிச்சாங்க. அப்பவும் இதே நாற்காலிலதான் நான் உக்காந்திருந்தேன். ஒருத்தன் பேரும் என் வாயிலேர்ந்து வரல," என்றாள் அக்கா. "அடுத்த தேர்தல்ல காத்து மாறும். மாறாதுன்னு எழுதிக் குடுப்பியா? அன்னிக்கு இதே பலகையைப் படம் எடுப்பாங்க, முதல் பேரு உன் பேரு. ஊரு முழுக்கக் கேக்கற மாதிரி பேசறவன் நீ ஒருத்தன்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். ரேடியோவும் வேறு வழியில்லாமல் சிரித்தான்.

"இப்ப புது விதி. வண்டில யாரும் யாரோடயும் சண்டை போடலாம். அவன் தலைவனை நீ திட்டு, உன் தலைவனை அவன் திட்டட்டும். கை மட்டும் நீளக் கூடாது. ஆனா பேசாம இருக்கக் கூடாது. திரும்பி வந்ததும் ஜன்னலுக்கு ரெண்டு பேரும் வரணும். டிரைவர் என்ன சொன்னார்னு கண்டக்டரைக் கேப்பேன், கண்டக்டர் என்ன சொன்னார்னு டிரைவரைக் கேப்பேன். ஒண்ணும் பேசலன்னு சொன்னா, மறுநாள் ரெண்டு பேருக்கும் குப்பைமேட்டு ரூட்."

குப்பைமேட்டு ரூட் என்றதும் இரண்டு கட்சியும் ஒரே குரலில் "அய்யோ அக்கா!" என்றன. அந்த டிப்போவில் இரு தரப்பும் ஒருமித்து எழுப்பிய முதல் முழக்கம் அதுதான்.

திங்கட்கிழமைப் பலகையைப் பார்க்கப் பெரிய கூட்டம். அக்கா யாரையும் விட்டுவைக்கவில்லை. எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகங்களோடு வண்டிகள் புறப்பட்டன. அன்று முழுக்க அவள் தொலைபேசி பக்கத்திலேயே இருந்தாள். ஒவ்வொரு முறை அது அடிக்கும்போதும், யாராவது விழுந்துவிட்டார்களோ என்று முதல் மணியிலேயே எடுத்தாள். வெளியில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள், அக்காவுக்குக் கல் நெஞ்சு என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் நாள் பதினேழு ஜோடி பேசவில்லை. குப்பைமேட்டுக்கு இரண்டு வண்டிதான் போகும் என்பதால், முறை வைத்து அனுப்பினாள். மூன்றாம் நாள் ஒன்பது ஜோடி. முதல் வாரம் முடிவதற்குள் எல்லாரும் எதையாவது பேச ஆரம்பித்திருந்தார்கள். "எங்க டிரைவர், என் கட்சித் தலைவர் தூங்கறப்பகூட பொய் சொல்வார்னு சொன்னாருக்கா," என்று ஒருவன் ஜன்னலில் புகார் சொன்னான். "பேசினாரா இல்லையா?" என்றாள் அக்கா. "பேசினாரு." "அப்ப நாளைக்கு உனக்குக் கல்லூரி ரூட்."

மசியாத ஜோடி ஒன்றே ஒன்றுதான். பொறுமையும் ரேடியோவும்.

உலகத்தையே பேசித் தீர்க்கிற ரேடியோ, அந்த ஓட்டுநரிடம் மட்டும் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொடர்ந்து ஒன்பது நாள் குப்பைமேட்டு ரூட். ஈ மொய்க்கும், மூக்கைப் பொத்த வேண்டும், பயணிகள் குறைவு, சாலை முழுக்கப் பள்ளம். பொறுமையின் ஆஸ்பத்திரி நேரம் கெடாதபடி மட்டும் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டாள். மற்றபடி இரக்கம் காட்டவில்லை. காட்டினால் மற்ற நாற்பத்தைந்து ஜோடியும் குளிர்விட்டுப் போவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பத்தாம் நாள் இருவரும் ஜன்னலுக்கு வந்தபோது ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள்.

பெரிய பள்ளம் ஒன்றில் வண்டி இறங்கி ஏறியதாம். ரேடியோ தன்னையறியாமல், "அஞ்சு வருஷம் ஆண்டீங்களே, இந்த ரோட்டைப் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான். பொறுமை, மூன்று வருடப் பொறுமையையும் இழந்து, "அதுக்கு முன்னாடி பத்து வருஷம் யாருடா ஆண்டது? இந்தப் பள்ளத்தைத் தோண்டினதே உங்க ஆளுதான்!" என்றார். அவ்வளவுதான், அணை உடைந்தது. ஒரு நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி இறங்கினாள். ரேடியோ பேச்சு வேகத்தில் இரண்டு மணி அடித்தான். வண்டி நகர்ந்தது. அப்போதுதான் பார்த்தான், அவள் புத்தகப்பையின் வார் கைப்பிடிக் கம்பியில் மாட்டியிருந்தது.

"'நிறுத்துண்ணே'ன்னு கத்தினேன்க்கா. கத்தி முடிக்கல, வண்டி நின்னுருச்சு."

"அவன் அடுத்து என்ன சொல்லப் போறான், அதுக்கு என்ன பதில் குடுக்கலாம்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்," என்றார் பொறுமை. "அதனாலதான் காலு உடனே பிரேக்குக்குப் போச்சு. பொண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லக்கா."

"ஆனா ரோடு விஷயத்துல இவர் சொல்றது சுத்தப் பொய்," என்றான் ரேடியோ.

அக்கா முகத்தைப் பதிவேட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சரி, சரி, போய்ச் சாப்பிடுங்க," என்றாள். இருவரும் சாலையைப் பற்றிக் கத்திக்கொண்டே ஓய்வறைக்குப் போனார்கள். அவள் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு விழுந்த ஒரு மனிதருக்காக அன்றைக்குத்தான் அழுதாள்.

நாலு வாரம் முடிந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போன படங்களில் தொண்ணூற்றிரண்டு பெயரும் தாறுமாறாகக் கலந்து கிடந்தன. அங்கே இரண்டு பேர் உட்கார்ந்து கோடு போட்டுக் கோடு போட்டுப் பார்த்தார்களாம். கோட்டுச் சிக்கல்தான் மிச்சம். கடைசியில் அவர்கள் நேராக ரேடியோவுக்கே தொலைபேசி போட்டு, நம்ம ஆள்தானே, அந்தப் பக்கத்துப் பெயர்களை நீயே சொல்லிவிடு என்று கேட்டார்கள். இதை அவனே ஜன்னலில் வந்து சொன்னான்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டாள் அக்கா.

"எனக்கு ஒருத்தர் கட்சிதான் தெரியும், அது என் டிரைவர் கட்சி, அவரை அனுப்பிட்டா நான் யாரோட சண்டை போடறதுன்னு கேட்டேன். வெச்சிட்டாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை மாற்றல் உத்தரவு வந்தது. அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து டிப்போ, பணி ஒதுக்கீட்டுப் பிரிவு, உடனடியாகச் சேர வேண்டும். டியூட்டி அக்காவின் பெயர்.

மேலாளர் உத்தரவைக் கையில் கொடுக்கும்போது, "நான் எழுதிப் பாத்தேன் மேடம், கேக்கல," என்றார். வருத்தம் உண்மையானதுதான். அக்கா இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள். இருபத்தெட்டுக்கு ஒன்று. மோசமான பேரம் இல்லை என்று தோன்றியது. தேய்ந்த முழங்கால் மட்டும் இரண்டு மணி நேரப் பயணத்தை நினைத்து முனகியது. "நான் இல்லாம ஜோடி போட உங்களுக்குக் கஷ்டமா இருக்கும் சார். ரெண்டு நாள் கூட இருந்து சொல்லிக் குடுக்கட்டுமா?" என்றாள்.

"இன்னிக்கு நானே போட்டுப் பாக்கறேன் மேடம். நீங்க உக்காருங்க."

அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். ஓட்டுநர் பட்டியலில் முதல் பெயரையும் நடத்துநர் பட்டியலில் முதல் பெயரையும் சேர்த்து எழுதினார். இரண்டாவதோடு இரண்டாவது. மூன்றாவதோடு மூன்றாவது. பதினைந்து நிமிடத்தில் நாற்பத்தாறு ஜோடியும் முடிந்துவிட்டது. யார் எந்தக் கட்சி, யாருக்கு யாரோடு ஆகாது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை அக்கா தன் சாமான்களை எடுக்க வந்தபோது எல்லா வண்டிகளும் நேரத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தன. வாயிலைத் தாண்டும்போதே பாதி வண்டிகளில் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டதாகக் காவலாளி சொன்னார்.

அவளுக்குச் சுருக்கென்று வலித்தது. அதை மறைப்பானேன்? பதினாறு வருடம், தொண்ணூற்றிரண்டு பேரின் ரகசியத்தைத் தலைக்குள் சுமந்து, தூக்கத்தில்கூட ஜோடி மாற்றிப் பார்த்து, தான் இல்லாவிட்டால் இந்த டிப்போ நின்றுவிடும் என்று நம்பியிருந்தாள். பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கத் தெரிந்தால் போதுமாம். வலி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, இப்படி ஓட வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவு பாடு பட்டோம் என்று நினைத்தாள். கண்ணாடி, குடை, சாப்பாட்டு டப்பா மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

திங்கட்கிழமை காலை மலைக்கு அந்தப் பக்கத்து டிப்போவில் முப்பது பேர் புது டியூட்டி அக்காவைப் பார்க்க ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்தார்கள். எழுத்தர் ஒருவர் மெல்ல அவள் காதருகே வந்து, "அக்கா, இங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். கட்சிப் பிரச்சனை ஜாஸ்தி," என்றார்.

"அப்படியா?" என்று சாக்குக்கட்டியைக் கையில் எடுத்தாள் அக்கா. "இங்க யாரு யாரோட பேசறதில்ல?"

எழுத்தர் தயங்கித் தயங்கி, ஓர் ஓட்டுநர், ஒரு நடத்துநர் என்று இரண்டு பெயர் சொன்னார். ஒரே வண்டிக்கு நேராக அந்த இரண்டு பெயரையும் எழுதிவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவர்களைக் கூப்பிட்டாள்.